நடுவரை நியமிப்பவர் யார்?

2020 ஜனவரி 13 அன்று அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் ஒரு தீர்ப்பை வெளியிட்டார். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2017இல் சாம்பியன் பட்டம் வென்ற ஆண்டில், எதிரணியின் சைகைகளைக் கேமரா மூலம் திருடியது உண்மை என்று அது உறுதிசெய்தது. பேஸ்பாலில் அடுத்து எந்த வகைப் பந்து வர வேண்டும் என்பதைப் பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் விரல்களால் காட்டுவார்; பிட்சர் அதைப் பார்த்து வீசுவார். வருவது வேகப்பந்தா வளைந்து இறங்கும் பந்தா என்று பேட்டருக்கு முன்பே தெரிந்துவிட்டால், பிட்சரின் வித்தையில் பாதி வீணாகிவிடும். மைதானத்தின் எதிர்க்கோடியில் இருந்த கேமரா கேட்சரின் விரல்களைக் காட்டியது. வீரர்கள் அமரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த திரையில் அதைப் பார்த்தவர்கள், குப்பைத் தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சேதி சொன்னார்கள். இதற்காக அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. லீக் விதிகளின்படி அதற்கு மேல் விதிக்க இடமில்லை. இளம் வீரர்கள் தேர்வில் இரண்டு ஆண்டுகளுக்கு முதல் இரு சுற்று வாய்ப்புகள் பறிபோயின. பொது மேலாளர் ஜெஃப் லூனோவுக்கும் அணி மேலாளர் ஏ.ஜே. ஹிஞ்ச்சுக்கும் ஓராண்டுத் தடை விதிக்கப்பட, உரிமையாளர் ஜிம் கிரேன் அன்றே இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார். ஆனால் பட்டம் அணியிடமே இருந்தது. அந்தச் சேதியைக் கேட்டு மட்டையைச் சுழற்றிய வீரர்களில் ஒருவருக்குக்கூட ஒரு ஆட்டத் தடையும் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர்களுக்கு முன்கூட்டியே பாதுகாப்பு அளிக்கப்பட்டிருந்தது.

அந்தத் தீர்ப்பைப் படித்த ரசிகர்களின் கசப்பும், தம் நாட்டின் கட்சி அரசியலைப் பற்றி அமெரிக்கர்கள் பேசும்போது வெளிப்படும் கசப்பும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. கேலப் நிறுவனத்தின் கணிப்புகளில் அண்மை ஆண்டுகளாக நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தங்களை எந்தக் கட்சியையும் சாராதவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். தேர்தல் நாளில் அவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு கட்சிகளில் ஒன்றுக்குத்தான் வாக்களிக்கிறார்கள். வெறுத்துக்கொண்டே விட முடியாத நிலை இது. பேராசையும் பதவி வெறியுமே இதற்கெல்லாம் காரணம் என்பது வழக்கமான விளக்கம். அந்த விளக்கம் பொய்யில்லை, ஆனால் போதாது. பேராசை எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. ஏமாற்று மட்டும் சில காலங்களில், சில அமைப்புகளில் செழிக்கிறது, வேறு சிலவற்றில் வாடிப்போகிறது. விதியைக் காக்க வேண்டியவர், விதி மீறலால் பயனடைபவரின் ஊழியராகவோ கூட்டாளியாகவோ இருக்கும் இடத்தில்தான் அது வேர் பிடிக்கிறது. தன் அணியின் குற்றத்தை மன்னிக்கும் ஆதரவாளர் அதற்கு நீர் வார்க்கிறார். தொழில்முறை பேஸ்பாலின் நூறாண்டு வரலாறும் அமெரிக்கக் கட்சிகளின் அண்மை வரலாறும் இந்த இரண்டு உண்மைகளுக்கும் சாட்சி சொல்கின்றன.

முதலில் பேஸ்பாலை எடுத்துக்கொள்வோம். 1919இல், சாம்பியன் பட்டத்தை முடிவுசெய்யும் உலகத் தொடரில், சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் எட்டு வீரர்கள் சூதாடிகளோடு சேர்ந்து சின்சினாட்டி அணியிடம் வேண்டுமென்றே தோற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். அம்பலமானதும் பொதுமக்களின் நம்பிக்கை போய்விடும், நம்பிக்கை போனால் வருமானமும் போய்விடும் என்று அணி உரிமையாளர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில்தான் ஆணையர் என்ற பதவியையே உருவாக்கி, கென்னசா மவுண்டன் லாண்டிஸ் என்ற கூட்டாட்சி நீதிபதியிடம் ஏறக்குறைய வரம்பற்ற அதிகாரத்தை ஒப்படைத்தார்கள். 1921 ஆகஸ்டில் ஜூரி அந்த வீரர்களை விடுதலை செய்தது. மறுநாளே லாண்டிஸ் எட்டுப் பேரையும் வாழ்நாள் முழுக்க விலக்கிவைத்தார். அவர்களில் பக் வீவர் பணம் வாங்கியதற்கு ஆதாரம் இல்லை. சதியைத் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததே அவர் குற்றம். கடுமை மிகுந்த தீர்ப்புதான். இருந்தாலும் அதற்குப் பிறகு பணத்துக்காக ஆட்டத்தைத் தோற்கும் வழக்கம் மேஜர் லீக்கில் பெருமளவு ஒழிந்தது என்பதை மறுக்க முடியாது. அதே லாண்டிஸின் பதவிக்காலம் முழுக்க, 1944இல் அவர் இறக்கும்வரை, ஒரு கறுப்பின வீரரும் மேஜர் லீக்கில் கால்வைக்கவில்லை. ஜாக்கி ராபின்சன் வந்தது 1947இல். ஒரே மனிதரிடம் எல்லா அதிகாரத்தையும் குவிப்பது நீதிக்கு உத்தரவாதம் ஆகாது என்பதையும் இதே கதை சொல்கிறது.

உரிமையாளர்களால் அசைக்க முடியாத ஆணையர் என்ற அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. ஆணையர் ஃபே வின்சென்ட் 1991இல் எல்லா அணிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: சட்டவிரோத மருந்துகளும், அவற்றில் அடங்கும் ஸ்டீராய்டுகளும் தடைசெய்யப்பட்டவை என்றது அது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் உரிமையாளர்கள் 18க்கு 9 என்ற கணக்கில் அவர்மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள், அவர் விலகினார். மருந்து விவகாரத்துக்காக அவரை வெளியேற்றவில்லை. வீரர்களோடான ஊதியத் தகராறில் அவர் தங்கள் ஆளாக நடந்துகொள்ளவில்லை என்பதே அவர்கள் கோபத்தின் மையம். அந்த நாற்காலியில் தற்காலிகமாக அமர்ந்தவர் பட் செலிக், மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணியின் உரிமையாளர். நடுவரை ஆட்டக்காரர்கள் வெளியேற்றிவிட்டுத் தங்களில் ஒருவரை அங்கே உட்காரவைத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1994இல் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே ரத்தானது, ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவந்தது ஹோம் ரன் மழை. 1998இல் மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66; 2001இல் பேரி பாண்ட்ஸ் 73. அந்தத் தோள்களும் கைகளும் எப்படி வந்தன என்று கேட்பதால் யாருக்கும் லாபமில்லை. உரிமையாளருக்கு நிரம்பிய மைதானம், தொலைக்காட்சிக்குப் பார்வையாளர், வீரருக்குக் கோடிகளில் ஒப்பந்தம். வீரர்கள் சங்கமும் தனிமனித உரிமையைச் சொல்லிப் பரிசோதனையை எதிர்த்தது. வின்சென்ட்டின் சுற்றறிக்கைக்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2003இல்தான், பெயர் வெளியிடாத மாதிரிப் பரிசோதனையே நடந்தது.

அந்தக் காலத்தின் கணக்கு எப்படித் தீர்க்கப்பட்டது என்று பார்த்தால் அநீதி இன்னும் துலக்கமாகத் தெரியும். பாண்ட்ஸும் ரோஜர் க்ளெமன்ஸும் 2022 ஜனவரியில் பத்தாவது, கடைசி முறையாகப் பத்திரிகையாளர்களின் வாக்கில் தோற்று, பேஸ்பால் புகழ்மன்றத்துக்கு வெளியே நின்றார்கள். அவர்கள் காலத்தில் ஆட்டத்தை ஆண்ட செலிக் 2017இலேயே அதற்குள் நுழைந்துவிட்டார். வீரர்களுக்கு நியாயமான தண்டனைதான் என்று வைத்துக்கொண்டாலும், கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை நிரப்பியவர்களுக்குச் சிலை வைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இந்த விவகாரத்தில் அரசியலும் பேஸ்பாலும் நேருக்கு நேர் சந்தித்த இரண்டு தருணங்கள் என் வாதத்துக்கு மிக முக்கியமானவை. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியின் முன்னாள் நிர்வாகப் பங்குதாரரான ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ், 2004 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரையிலேயே ஸ்டீராய்டுகளைக் கண்டித்தார். 2005 மார்ச் 17 அன்று பிரதிநிதிகள் சபையின் ஒரு குழு மெக்வயர், சோசா, ரஃபேல் பல்மெய்ரோ முதலியோரை நாடறிய விசாரித்தது. குழுவின் தலைவர் குடியரசுக் கட்சியின் டாம் டேவிஸ். ஜனநாயகக் கட்சியின் ஹென்றி வாக்ஸ்மன் அவரோடு கைகோத்து நின்றார். கடந்த காலத்தைப் பற்றிப் பேச வரவில்லை என்று மெக்வயர் நழுவினார். பல்மெய்ரோ விரலை நீட்டி மறுத்தார். சில மாதங்களில் அவரே பரிசோதனையில் சிக்கினார். விசாரணைக்கு முன் முதல் குற்றத்துக்குப் பத்து நாள் தடை என்றிருந்தது. அந்த ஆண்டு நவம்பருக்குள் ஐம்பது ஆட்டத் தடையாகவும், மூன்றாம் முறைக்கு வாழ்நாள் தடையாகவும் மாறியது. உரிமையாளர்களும் சங்கமும் பல ஆண்டுகள் செய்யாததை, இரு கட்சிகளும் ஒரு குரலில் கேட்டபோது எட்டே மாதங்களில் செய்தார்கள்.

மூன்று ஆண்டுகளுக்குள் அதே குழுவில் நிலைமை தலைகீழானது. 2007 டிசம்பரில் செனட்டின் முன்னாள் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஜார்ஜ் மிட்செல் தம் அறிக்கையை வெளியிட்டார். 409 பக்கங்கள், பெயர் சுட்டப்பட்ட வீரர்கள் எண்பதுக்கும் மேல். ஆட்டத்தின் மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் பொறுப்பு உண்டு என்று நேர்மையாகச் சொன்ன அறிக்கை அது. ஆனால் மிட்செல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் இயக்குநர் குழுவில் இருந்தவர். ஆகவே பாஸ்டனின் எதிரணி ரசிகர்கள் பலர் அதை நம்ப மறுத்தார்கள். அவர் ஒருதலையாக நடந்ததற்குச் சான்றில்லை. இருந்தும், நடுவர் ஒரு பக்கத்தோடு உறவுள்ளவர் என்பதே உண்மையைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று க்ளெமன்ஸும் அவருக்கு ஊசி போட்டதாகச் சொன்ன பயிற்சியாளர் பிரையன் மக்நமியும் ஒரே மேசையில் சாட்சி சொன்னார்கள். ஜனநாயகக் கட்சியினர் பெரும்பாலும் க்ளெமன்ஸைக் குடைந்தார்கள். குடியரசுக் கட்சியினர் பெரும்பாலும் மக்நமியைப் பிய்த்தெடுத்தார்கள். ஒரு பிட்சரின் உடம்பில் மருந்து ஏறியதா இல்லையா என்ற கேள்விக்குக் கட்சி வாரியாக விடை கிடைத்தது! அந்த விசாரணையால் எந்த விதியும் மாறவில்லை. பொய்ச்சாட்சி வழக்கில் 2012இல் க்ளெமன்ஸ் விடுதலையானார். முதல் முறை குழு வெளியார் கண்ணோடு பார்த்தது, பலன் கிடைத்தது. இரண்டாம் முறை அதுவே இரண்டு அணிகளாகப் பிரிந்தது, வெறும் கூச்சலே மிஞ்சியது.

இனி கட்சிகளின் மைதானத்துக்கு வருவோம். 2018 நவம்பரில் வட கரோலினா மாநிலத்தின் ஒன்பதாவது தொகுதியில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மார்க் ஹாரிஸ் 905 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாகத் தெரிந்தது. அவருக்காக வேலை செய்த ஒருவர் ஆள் வைத்துத் தபால் வாக்குகளைச் சட்டவிரோதமாகத் திரட்டியது பிறகு அம்பலமானது. இரு கட்சியினரும் அடங்கிய மாநிலத் தேர்தல் வாரியம் 2019 பிப்ரவரியில் ஒருமனதாக அந்தத் தேர்தலை ரத்துசெய்து மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. ஹாரிஸ்மீது வழக்கு இல்லை. அவரே இறுதியில் மறுதேர்தல் வேண்டும் என்றார். ஹூஸ்டன் விவகாரத்தில் பேஸ்பால் செய்யத் துணியாததை இந்த வாரியம் செய்தது: கறைபட்ட வெற்றியை வெற்றியாக ஏற்க மறுத்தது.

ஆனால் அதே மாநிலத்தில், அதே ஆண்டில், அதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று எவர் கையிலும் சிக்காமல் நின்றது. மாநில வாக்காளர்கள் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்திருந்தபோதும், 13 தொகுதிகளில் 10 தங்கள் கட்சிக்கும் 3 மட்டும் எதிர்க்கட்சிக்கும் போகும்படி 2016இல் குடியரசுக் கட்சியின் சட்டமன்றப் பெரும்பான்மை எல்லைகளை வரைந்திருந்தது. வரைவுக்குப் பொறுப்பேற்ற உறுப்பினர் டேவிட் லூயிஸ் அதை ஒளிக்கவுமில்லை. 11க்கு 2 என்று வரைய முடியாது என்று தாம் கருதியதாலேயே 10க்கு 3 என்று நிறுத்திக்கொண்டதாகப் பதிவேட்டில் ஏறும்படியே சொன்னார். 2016இல் முடிவு 10–3. 2018இலும், மறுதேர்தலுக்குப் பின், அதே 10–3. சில நூறு தபால் வாக்குகளைத் தொட்டவர் குற்றவாளி. லட்சக்கணக்கான வாக்குகளை எண்ணும் முன்பே செல்லாதவையாக்கியவர்கள் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். விதியை மீறினால் பிடிபடலாம். விதியை எழுதும் பேனாவே உன் கையில் இருந்தால் மீற வேண்டிய தேவையே இல்லை.

இது ஒரு கட்சியின் நோய் என்று யாரும் எண்ண வேண்டாம். மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சியினர் ஆறாவது தொகுதியை உடைத்துச் சேர்த்து, குடியரசுக் கட்சியிடமிருந்து அதைப் பறிக்கும்படி வரைந்தார்கள். இரு மாநில வழக்குகளையும் ஒன்றாக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம் 2019 ஜூன் 27 அன்று, 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: இத்தகைய வரைவுகளின் விளைவு நியாயமற்றதாகத் தோன்றலாம், என்றாலும் கட்சி நோக்கில் வரையப்பட்ட எல்லைகளை அளந்து தீர்ப்புச் சொல்வது கூட்டாட்சி நீதிமன்றங்களின் வேலை இல்லை. நடுவர் மைதானத்தை விட்டுத் தாமே வெளியேறிய நாள் அது. விஸ்கான்சினில் 2018இல் ஜனநாயகக் கட்சிக்கு மாநிலக் கீழவைத் தேர்தலில் பாதிக்கு மேல் வாக்குகள் கிடைத்தன. இடங்களோ 99இல் 36தான். சில தொகுதிகளில் போட்டியே இல்லாததால் அந்த வாக்குக் கணக்கு சற்று ஊதியிருக்கலாம், அவர்கள் வாக்காளர்கள் நகரங்களில் குவிந்திருப்பதும் ஒரு காரணம். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் அந்த இடைவெளி நேர்மையான வரைவின் விளைவாக இருக்க முடியாது.

தேர்தல் பணத்தைக் கண்காணிக்கும் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் அமைப்பு இன்னும் வெளிப்படை. ஆறு உறுப்பினர்கள், ஒரு கட்சியிலிருந்து மூவருக்கு மேல் கூடாது, எதையும் முடிவுசெய்ய நான்கு வாக்கு வேண்டும். கேட்பதற்குச் சமநீதி போலிருக்கிறது. நடைமுறையில், பெரிய விவகாரங்களில் மூன்றுக்கு மூன்று என்று முட்டி நின்று, விசாரணை தொடங்காமலே முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு அணியும் தன் ஆட்களில் மூவரை நடுவராக அனுப்பி, நால்வர் ஒத்துக்கொண்டால்தான் அவுட் என்று விதி வைத்தால் கிரிக்கெட் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2025 மே மாதத்திலோ, காலியிடங்கள் நிரப்பப்படாமல், முடிவெடுக்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கையே அந்த ஆணையத்தில் இல்லாமல் போனது.

நடுவர் இப்படி என்றால், பார்வையாளர் எப்படி? 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழகங்களுக்கு இடையே முரட்டுத்தனமான ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரு அறிஞர்கள் இரு பக்கத்து மாணவர்களுக்கும் ஒரே திரைப்பதிவைக் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் மாணவர்கள் தம் அணியிடம் கண்ட மீறல்களைப் போல இரு மடங்குக்கு மேல் அதே அணியிடம் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டார்கள். 1954இல் வெளியான அந்த ஆய்வு, பொய் சொல்லாமலே மனிதர் எப்படித் தம் பக்கத்துக்குச் சாட்சியாகிறார் என்பதைக் காட்டியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற பழமொழிக்கு அது அளவு தந்தது என்றே சொல்லலாம். ஹூஸ்டன் விவகாரத்தை 2019 நவம்பரில் தன் பெயரோடு வெளியே சொன்ன முன்னாள் அணி வீரர் மைக் ஃபையர்ஸைப் பலர் பாராட்டினார்கள். ஆட்டத்துக்குள்ளேயே சிலர் அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று ஏசினார்கள். திருடியதைவிடத் திருட்டைச் சொன்னது பெரிய துரோகமாகப்பட்டது. கட்சிகளில் தன் தலைவரைக் கேள்வி கேட்கும் உறுப்பினருக்குக் கிடைக்கும் பெயரும் இதுதான்.

இருந்தாலும் ரசிகர் மனம் திருந்தவே திருந்தாது என்று சொல்லிவிட முடியாது. ஹூஸ்டன் ஆட்டங்களின் பதிவுகளைப் பந்து பந்தாகக் கேட்டு, எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பந்துகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தட்டல்களைக் கணக்கெடுத்துப் பொதுவில் வைத்தவர், அந்த ஹூஸ்டன் அணியின் ரசிகர்தான். எதிரணிக்காரர் செய்திருந்தால் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பெரியவராகத் தெரிபவர் அவரே.

இங்கே மூன்று மறுப்புகள் எழும். மூன்றும் கவனமாகப் பதில் சொல்லத்தக்கவை. முதலாவது, ஏமாற்று ஆட்டத்தின் மரபிலேயே உண்டு என்பது. 1951இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி பதின்மூன்றரை ஆட்டம் பின்தங்கியிருந்து மீண்டுவந்து, பாபி தாம்சனின் புகழ்பெற்ற ஹோம் ரன்னால் வென்றது. அந்த ஆண்டு அவர்கள் மைதானக் கோடியில் தொலைநோக்கி வைத்துச் சைகைகளைத் திருடியது 2001இல் விரிவாக வெளிவந்தது. தடைசெய்யப்பட்ட எச்சில் பந்தை வீசியதாகப் புத்தகமே எழுதிய கேலார்ட் பெரி 1991இல் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். அப்படியிருக்க ஹூஸ்டனை மட்டும் ஏன் தூற்ற வேண்டும் என்கிறார்கள். இரண்டாவது தளத்தில் நிற்கும் ஓட்டக்காரர் தன் கண்ணால் கேட்சரின் விரலைப் படித்து நண்பனுக்குச் சொல்வதை விதியே அனுமதிக்கிறது; அது கூர்மை, எதிரணியும் அதற்கு எதிராகக் கூர்மையாகலாம். ஒளித்துவைத்த கருவிக்கு எதிராக எவரும் எதையும் செய்ய முடியாது. பழைய குற்றத்துக்குச் சிரித்துத் தலையாட்டினோம் என்பது புதிய குற்றத்துக்கு உரிமைச் சீட்டாகாது. கட்சிகளும் தொகுதிகளை வளைப்பது இருநூறு ஆண்டுப் பழக்கம் என்று இதே நியாயத்தைச் சொல்கின்றன. அன்று கையால் வரைந்தார்கள். இன்று தெருத் தெருவாக வாக்கு விவரத்தை வைத்துக்கொண்டு கணினியில் ஆயிரம் வரைபடங்களைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மரபு என்ற ஒரே பெயரில் இரண்டையும் அடைக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு கடினமானது: எதிரி ஏமாற்றும்போது நான் மட்டும் நேர்மையாக இருந்தால் தோற்பது நான்தானே? 2025இல் இது வெறும் கேள்வியாக நிற்கவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு வரைவதே வழக்கம் என்றிருக்க, டெக்சஸ் குடியரசுக் கட்சியினர் ஆகஸ்டில், பத்தாண்டின் நடுவிலேயே, ஐந்து இடங்களைக் கூடுதலாகப் பெறும் நோக்கில் மறுவரைவு செய்தார்கள். கலிபோர்னியாவில் வாக்காளர்களே உருவாக்கிய சுதந்திர வரைவுக் குழு இருந்தது. அந்தக் குழுவின் வரைபடத்தைத் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டு, ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான வரைபடத்தை ஏற்கும் முன்மொழிவு 50ஐ அம்மாநில மக்கள் நவம்பரில் பெரும் ஆதரவோடு நிறைவேற்றினார்கள். அதற்கு வாக்களித்தவர்களை நான் குற்றம் சொல்லத் தயங்குகிறேன். அவர்கள் வெளிப்படையாக, மக்கள் வாக்கெடுப்பு மூலம், கால வரம்போடு செய்தார்கள். டெக்சஸில் மக்களைக் கேட்கவே இல்லை. அந்த வேறுபாடு சிறியதில்லை. ஆனாலும் விளைவைப் பாருங்கள்: நாட்டில் நன்றாக இயங்கிய நடுவர் குழுக்களில் ஒன்று ஓரங்கட்டப்பட்டது, இரு மாநிலங்களிலும் சிறுபான்மைக் கட்சிக்கு வாக்களிப்பவர் குரலிழந்தார். ஊக்கமருந்துக் காலத்தின் வீரரும் இதையேதான் சொன்னார்: எல்லோரும் போடுகிறார்கள், போடாவிட்டால் என் இடம் போய்விடும். அந்தச் சுழலிலிருந்து தனி வீரர் எவராலும் வெளியேற முடியவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் பரிசோதனை வந்தபோதுதான் நேர்மையாக ஆட விரும்பியவருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. தொகுதி வரைவிலும் தீர்வு எல்லா மாநிலங்களுக்கும் ஒரே விதி என்ற நாடாளுமன்றச் சட்டமே. அதைச் செய்ய அரசமைப்பு அதிகாரம் தருகிறது. செய்ய மறுப்பது அங்கே அமர்ந்திருப்பவர்கள்தான்.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: இரண்டு கட்சியும் ஒரே குட்டையில் ஊறியவை, அரசியலையே விட்டு விலகுவதே மேல். இந்தச் சலிப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது, ஏற்க முடியவில்லை. கட்சிகளின் வெறியைப் பற்றி ஜார்ஜ் வாஷிங்டன் 1796இலேயே எச்சரித்தார். ஆனால் கட்சி இல்லாத நவீன மக்களாட்சி பெரிய நாடு எதிலும் நடந்து காட்டவில்லை. தனித்தனியாகப் பலமில்லாத மக்களை ஒன்றுசேர்க்க வேறு கருவி இல்லை. எல்லோரும் திருடர் என்று முடிவுகட்டிவிட்டால், பெரிய திருடருக்கும் சிறிய திருடருக்கும், திருடனுக்கும் காவலனுக்கும் வேறுபாடு அழிந்துபோகும். அதில் லாபம் பெரிய திருடருக்கே. மேலும், வெளியேறுபவர்கள் பெரும்பாலும் நிதானமானவர்கள். அவர்கள் போன பிறகு மிஞ்சுவது வெறியர்கள் மட்டும்.

கோபம் எவ்வளவு எளிதில் கட்சிக்காரியமாகத் திரிந்துபோகிறது என்பதற்கு பேஸ்பாலின் தனிச்சலுகை ஒரு நல்ல சான்று. 1922இல் உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டங்கள் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகா என்று சொல்லி, ஏகபோகத் தடுப்புச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்களித்தது. வேறெந்தத் தொழில்முறை ஆட்டத்துக்கும் இல்லாத சலுகை இது. 1972இல் நீதிமன்றமே இதை முறைமீறிய விதிவிலக்கு என்று ஒப்புக்கொண்டும் நீக்கவில்லை. 1998இல் வீரர் ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை மட்டும் நாடாளுமன்றம் அதைத் தளர்த்தியது. ஜார்ஜியா மாநிலத்தின் புதிய தேர்தல் சட்டத்தைக் கண்டித்து 2021இல் லீக் தன் நட்சத்திர ஆட்டத்தை அட்லாண்டாவிலிருந்து டென்வருக்கு மாற்றியபோது, டெட் க்ரூஸ் முதலிய குடியரசுக் கட்சி செனட்டர்கள் சலுகையை நீக்க மசோதா கொண்டுவந்தார்கள். உரிமையாளர்கள் வீரர்களை வெளியே பூட்டிய பிறகு, அடுத்த ஆண்டு, மறுமுனையில் நிற்கும் பெர்னி சாண்டர்ஸ் அதையே கொண்டுவந்தார். இரு தரப்பும் சேர்ந்திருந்தால் அது நிறைவேறியிருக்கும். ஒவ்வொருவரும் தம் கோபத்தின் நாளில் மட்டும் நினைத்தார்கள். சலுகை இன்றும் நிற்கிறது.

பழுது அமைப்பில் இருப்பதால் பரிகாரமும் அங்கேதான் இருக்கிறது. 2022இல் மேஜர் லீக், கேட்சரின் கட்டளையைப் பிட்சரின் தொப்பிக்குள் இருக்கும் ஒலிக்கருவிக்கு நேரே அனுப்பும் பிட்ச்காம் முறையை அனுமதித்தது. விரல் சைகை தேவையில்லாதபோது அதைத் திருடவும் வழியில்லை. எவருடைய ஒழுக்கத்தையும் நம்பாமல், குற்றத்தின் வாய்ப்பையே சுருக்கிய ஏற்பாடு அது. அரசியலில் அதற்கு நிகரானதை மிச்சிகன் மக்கள் செய்தார்கள். 2018இல் நூற்றுக்கு 61 பேர் ஆதரவோடு வரைவு உரிமையைச் சட்டமன்றத்திடமிருந்து பறித்து, ஒவ்வொரு கட்சியிலிருந்தும் நால்வர், கட்சி சாராதவர் ஐவர் என்று பதின்மூன்று குடிமக்கள் கொண்ட குழுவிடம் தந்தார்கள். பெரும்பான்மைக்கு இரு தரப்பிலிருந்தும், சாராதவரிடமிருந்தும் குறைந்தது இருவராவது ஒப்ப வேண்டும் என்பது விதி. அந்தக் குழுவும் தவறியது. டெட்ராய்ட் பகுதியில் இனத்தை முதன்மையாக வைத்துத் தொகுதிகளை வரைந்ததாக 2023 டிசம்பரில் நீதிமன்றம் கண்டித்தது. குழு திருத்தி வரைந்தது. பிழை நடந்தது, பிழையைச் சுட்டும் இடம் இருந்தது, திருத்தமும் நடந்தது. இயங்கும் அமைப்பிடம் இதற்கு மேல் கேட்பதற்கில்லை.

ஹூஸ்டனின் 2017 பட்டம் பறிக்கப்பட்டிருக்க வேண்டும். அதைப் பறிக்கும் அதிகாரம், உரிமையாளர்கள் சம்பளம் தராத ஒரு தனி மன்றத்திடம் இருந்திருக்க வேண்டும். தொகுதி வரையும் உரிமை ஐம்பது மாநிலங்களிலும் சட்டமன்றங்களின் கையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். தேர்தல் ஆணையத்தில் இரு கட்சிக்கும் சேராத ஏழாவது உறுப்பினர் ஒருவர் அமர வேண்டும். இவற்றை எதிர்க்கட்சியிடம் கேட்டுப் பயனில்லை. தங்கள் கட்சி ஆளும் மாநிலத்தில், தங்கள் கட்சி வேட்பாளரிடம், அடுத்த தேர்தலுக்கு முன் வாக்காளர்கள் இதைக் கேட்க வேண்டும். மறுப்பவருக்கு உட்கட்சித் தேர்தலிலேயே வாக்கை மறுக்க வேண்டும்.